கருக்கம்பாளையம் லைன்

பத்து நாற்பதுக்கு லைன் கிளியர் வாங்கினான், ஒரு மணி நேர வேலை என்றான், இப்போது பன்னிரண்டு ஆகப் போகிறது, இன்னும் திருப்பித் தரக் காணோம், கம்பத்து மேலே என்ன குடித்தனமா நடத்துகிறான் என்று அர்த்தனாரி லாக் புத்தகத்தின் ஓரத்தைப் பேனா மூடியால் சுரண்டிக்கொண்டிருந்தார். கல்லாங்காட்டுப்புதூர் சப்-ஸ்டேஷனின் கண்ட்ரோல் ரூமில் அவரைத் தவிர யாரும் இல்லை. ஒரு மேசை, ஒரு போன், சுவரை அடைத்துக்கொண்டு பீரோ பீரோவாக ஆறு இரும்புப் பேனல்கள், பேனலுக்கு ஒரு ஊர்ப்பேர். ஐந்தில் முள் ஆடிக்கொண்டிருந்தது. கருக்கம்பாளையம் என்று எழுதிய நாலாவதில் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. அதன் சுவிட்சின் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது: ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைப் போடாதே. அந்த ஆளின் பேர் ராக்கியண்ணன். பேரை நினைத்தாலே அர்த்தனாரிக்கு நாக்குக்கு அடியில் கசந்துகொண்டு வரும், முப்பத்திரண்டு வருசமாக வருகிறது, ஒருநாளும் குறைந்ததில்லை. அவன் லைன்மேன், இவர் ஆபரேட்டர். அவன் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் இவருக்குப் போன் போட்டு லைன் கிளியர் கேட்க வேண்டும். இவர் கரண்டை நிறுத்தி, வெளியே யார்டில் இருக்கிற கைப்பிடியை இழுத்து லைனைத் தனியாகப் பிரித்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு நம்பர் கொடுப்பார். வேலை முடிந்து இறங்கியதும் அதே ஆள் தன் வாயால் அந்த நம்பரைச் சொல்லித் திருப்பித் தர வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. அதுவரைக்கும் அவன் உயிர் இவர் இடுப்பில். இன்றைய நம்பர் நாற்பத்தேழு.

பதினோரு வருசமாக இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற பேச்சுவார்த்தை இவ்வளவுதான். அவன் போன் போடுவான், லைன் கிளியர் வேணுங்க என்பான். குரலைக் கேட்ட மாத்திரத்தில் யாரென்று இவருக்குத் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் தெரியும், இருந்தாலும் பேரு என்று கேட்பார். ராக்கியண்ணன் என்பான். பதவி என்பார். லைன்மேனுங்க என்பான். மற்ற லைன்மேன்களிடம் இந்தக் கேள்வியெல்லாம் கிடையாது, சொல்லு மாப்ளே, எந்த ஊரு ஃபீடரு என்று முடித்துவிடுவார். இவனிடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பேரையும் பதவியையும் வாயைத் திறந்து சொல்ல வைப்பார், அதுவும் மெதுவாகக் கேட்பார், ஏனென்றால் அவனுக்கு இடது காது மந்தம், மெதுவாகக் கேட்டால் போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு என்னங்க என்று திரும்பக் கேட்பான், அப்போது இன்னொரு தடவை பேரு என்று கேட்கலாம். சின்னப் புத்திதான். சின்னப் புத்தி என்று அவருக்கே தெரியும். சர்க்கரை வந்த பிறகு டீயிலும் இனிப்பு போய்விட்டது, பெண்சாதி வாயைத் திறந்தால் முட்டி வலி, மகன் ஓசூரில் இருந்துகொண்டு மாதம் ஒரு தடவை நல்லா இருக்கீங்களாப்பா என்பதோடு சரி. வாரத்துக்கு இரண்டு தடவை அவன் வாயால் லைன்மேனுங்க என்று சொல்லக் கேட்பது ஒன்றுதான் மிச்சம் இருக்கிற ருசி. அந்த உத்தியோகத்துக்குள் அவன் காண்ட்ராக்ட் கூலியாக நுழைந்து, பர்மனென்ட் ஆகி, இதே செக்‌ஷனுக்கு மாற்றலாகி வந்த அன்று அர்த்தனாரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை செக்‌ஷன் இருக்கிறது.

லைன்மேன். லைன். இந்த ஒரு சொல்லை வெள்ளைக்காரன் என்ன எண்ணத்தில் விட்டுவிட்டுப் போனானோ தெரியவில்லை. கம்பியில் கரண்ட் போனால் அது லைன். ரேஷன் கடையில் பையோடு நின்றால் அதுவும் லைன். பள்ளிக்கூடத்தில் ட்ரில் வாத்தியார் தொடையில் பிரம்பால் ஒன்று வைத்து லைன்ல நில்லுடா என்பார், வலித்தது பிரம்பா லைனா என்று தெரியாது. போன் போட்டால் லைன் கிடைக்காது, கிடைத்தால் லைனில் இரு என்பார்கள், இருந்தால் லைன் கட்டாகிவிடும். கல்யாணத்துக்கு வந்த பெரிய மனுசன் பந்தியில் உட்கார்ந்துகொண்டு தம்பி என்ன லைன்ல இருக்காப்ல என்று கேட்பான், துணி லைன், டையிங் லைன், ரியல் எஸ்டேட் லைன், எல்லாம் லைன்தான். மிக்சர் பாக்கெட்டை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட்டுவிட்டு வரும் வேனுக்கு லைன் வண்டி, அதை ஓட்டுகிறவன் காலையில் லைனுக்குப் போகிறான், சாயங்காலம் லைன் முடிந்து வருகிறான். நாலு கோடு அடித்த நோட்டு லைன் நோட்டு. வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டால் லைன் வீடு. கம்பி, வரிசை, கோடு, தொழில், தடம் என்று நம் ஆட்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேர் வைத்து ஒழுங்காகத்தான் வைத்திருந்தார்கள், இந்த ஒன்று வந்து அத்தனையையும் அள்ளி விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாமல் உட்கார்ந்திருக்கிறது. மண்டைக்குள் இப்படிச் சுற்றச் சுற்ற அர்த்தனாரிக்குத் தெரியும், சுற்றி முடிகிற இடம் எது என்று. இந்தச் சொல்லுக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது. அதை அவர் கடைசியில்தான் எடுப்பார், எடுக்காமல் இருந்துவிடலாம் என்றும் பார்ப்பார். மேசை மேல் ஈ ஒன்று தண்ணீர் பாட்டிலின் மூடியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. சனியன். ஒரு துணியை எடுத்து அடித்தார். அது பறந்து போய் நாலாவது பேனலில் உட்கார்ந்தது.

முப்பத்திரண்டு வருசத்துக்கு முன்னால் அர்த்தனாரி வீட்டாரும் லைன் வீட்டில்தான் இருந்தார்கள். தாராபுரம் ரோட்டில் மில்லுக்குப் பின்னால் பன்னிரண்டு வீடு, ஒட்டுச் சுவர், ஒருத்தர் வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் நூறு ஆயுசு என்பார்கள். நாலாம் நம்பரில் அப்பா, அம்மா, அர்த்தனாரி, தங்கச்சி கலாமணி. ஒன்பதாம் நம்பரில் ராக்கியண்ணனும் அவன் அம்மாவும். ஒரே ஒரு குழாய், விடியற்காலையில் ஒண்ணரை மணி நேரம் தண்ணீர், குடத்தை லைனில் வைத்துவிட வேண்டும். ராக்கியண்ணன் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, தன் குடத்தையும் வைத்து, நாலாம் நம்பர் வாசலில் கவிழ்த்திருக்கும் பச்சைப் பிளாஸ்டிக் குடத்தையும் எடுத்துக்கொண்டு போய்த் தன் குடத்துக்கு முன்னால் வைப்பான். கலாமணி தூங்கி எழுந்து போகும்போது அவள் முறை வந்திருக்கும். அவ்வளவுதான். கடிதம் கிடையாது, கை தொட்டது கிடையாது, சினிமா கிடையாது, ஒரு மாதமா இரண்டு மாதமா அந்தக் குடம் மட்டும் இப்படி முன்னால் போய் நின்றது. ஒருநாள் அர்த்தனாரி பல் விளக்கிக்கொண்டே பார்த்தார். இரண்டு குடமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. கலாமணி தண்ணீர் பிடித்துவிட்டு, அவனுடைய குடத்தைத் தன் கையால் குழாயடியில் தள்ளி வைத்தாள். தள்ளி வைத்துவிட்டு ஒரு சிரிப்பு. யாரைப் பார்த்தும் இல்லை, தண்ணீரைப் பார்த்து. அவள் அப்படிச் சிரித்து அர்த்தனாரி பார்த்ததே இல்லை. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது, ஐடிஐ முடித்து மூன்று வருசமாக வேலை இல்லை, அப்பா சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பார். வாயிலிருந்த பேஸ்ட் நுரையை ஓங்கித் துப்பினார். அதற்குப் பேர் கோபம் என்று அன்றைக்கு நினைத்தார். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் கோபம் இல்லை. வீட்டில் ஒருத்தி சந்தோசமாக இருக்கிறாள், நாம் இல்லை. அவ்வளவு கேவலமான ஒரு காரணம்.

ராத்திரி சாப்பாட்டில் சொன்னார். ஒன்பதாம் நம்பர்க்காரன் நம்ம கலாமணிக்கு லைன் போடறான், நீங்க பார்த்துட்டே இருங்க என்றார். இதுதான் அந்த உபயோகம். லைன் போடறான். பஸ் ஸ்டாண்டில் விசில் அடிக்கிறவனுக்கும், காலேஜ் வாசலில் சைக்கிளைச் சாய்த்து நிற்கிறவனுக்கும் சொல்கிற சொல். குடத்தை முன்னால் வைத்தவனுக்குச் சொல்ல வேண்டிய சொல் அது இல்லை. விரும்புறான்போல இருக்குது என்று சொல்லியிருக்கலாம். அப்பா ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கும் நேரமாவது யோசித்திருப்பார், நல்ல பையன்தான், மில்லில் பேர் எடுத்தவன், சாதி கொஞ்சம் இடிக்கும், பார்க்கலாம், பார்க்கக் கூடாது, ஏதோ ஒன்று, யோசித்திருப்பார். லைன் போடறான் என்ற சொல்லில் யோசிக்க இடமே இல்லை. அப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்ச் சித்தப்பாக்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். விடியும்போது மில் கேட்டில் ஷிப்ட் முடிந்து வந்தவனை நாலு பேர் பார்க்க அடித்தார்கள். சித்தப்பா சைக்கிள் பம்பால் அடித்ததில் காதிலிருந்து ரத்தம். அர்த்தனாரி அடிக்கவில்லை, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அடிக்கவில்லை என்பதை இத்தனை வருசமாக ஒரு நல்ல காரியம்போலச் சேமித்து வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் ஒன்பதாம் நம்பர் காலி. கலாமணி விடியற்காலையில் எழுந்து போய்த் தன் குடத்தை லைனின் கடைசியில் வைத்துவிட்டு நிற்பாள். வருவான் என்றா நின்றாள்? வந்திருக்க வேண்டும் இல்லையா அவன்? ஆம்பிளை என்றால் வந்திருக்க வேண்டும். காது போனால் போகிறது, வந்து வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டும். அவன் வரவில்லை, அதுதான் குற்றம், அவன் வந்திருந்தால் இந்த வீட்டில் என்னவோ ஆகியிருக்கும், வராமல் போய் அத்தனை பாவத்தையும் இவர் தலையில் கட்டிவிட்டான். ஆறு மாதத்தில் வெள்ளகோவிலிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தான். என்ன லைன் என்று கேட்டதற்கு லைன் வண்டி ஓட்டறேன் என்றான். அவன் பத்து வருசம் அவளை எதிரில் வைத்துக்கொண்டே இல்லாத மாதிரி வாழ்ந்துவிட்டுச் செத்துப்போனான். இப்போது அவள் அங்கேயே அங்கன்வாடியில் சமைக்கிறாள். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, வருசத்துக்கு இரண்டு போன். நல்லா இருக்கியா. இருக்கேன். அதோடு வைத்துவிடுவாள். முப்பத்தொரு வருசத்தில் அர்த்தனாரி வீட்டுப் படியை அவள் மிதித்ததில்லை.

போன் அடித்தது. அவன்தான் என்று எடுத்தார். ஏ.இ. பவித்ரா. வேலைக்கு வந்து இரண்டு வருசம்தான் ஆன இன்ஜினியர், செக்‌ஷனுக்கே தலைவி.

"அண்ணா, கருக்கம்பாளையம் லைனை ஏன் இன்னும் சார்ஜ் பண்ணல? கரண்டே வரல."

"லைன் கிளியர் திரும்பி வர்லீங்க மேடம்."

"வேலை முடிஞ்சிருச்சுண்ணா. ஹெல்பர் பாலகுமார் இப்பத்தான் எங்கிட்டப் பேசினாரு. நீங்க போடுங்க."

"ராக்கியண்ணன் சொல்லணுங்க."

"அவர் போன் அடிச்சுட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்கறாரு. இங்க ஸ்கூல்ல புதுக் கட்டடம் திறக்கக் கலெக்டர் வந்து உக்காந்திருக்காரு. மைக் இல்ல, ஃபேன் இல்ல, ஜெனரேட்டர்காரன் ஓடிட்டான். எஸ்.இ. சார் என்னை எல்லார் முன்னாடியும் வெச்சுத் திட்டறாரு. நான் சொல்றேன்லண்ணா. என் பேர்ல எழுதிக்கங்க."

என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள் என்றுவிட்டு வைத்துவிட்டாள். பேனா தானாக நகர்ந்தது. 12.07, ஏ.இ. மேடம் போனில் சொன்னபடி. அந்த எழுத்து அவருடையதுதான், கோணல் மாணல் இல்லாமல் வழக்கம்போல அழகாக இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று ஹெல்பர் சொல்லியிருக்கிறான், கீழே நிற்கிறவனுக்குத் தெரியாதா. மேலதிகாரி சொல்கிறாள், கீழே இருக்கிறவன் செய்கிறான், இதில் அர்த்தனாரி எங்கே வருகிறார். சாவியை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனார். வெயில் தலையில் சம்மட்டியாக இறங்கியது, ஜல்லிக் கல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. பூட்டைத் திறந்தார். கைப்பிடியைத் தள்ளினார், மேலே லைனை இணைக்கிற மூன்று கத்தியும் போய் உட்கார்ந்த சத்தம் கேட்டது. இதனால் ஒன்றும் ஆகிவிடாது, உள்ளே சுவிட்ச் போட்டால்தான் கரண்ட், இது பாதி வேலைதான், பாதி வேலை குற்றமாகாது. திரும்பி வந்தார். சிவப்பு அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தார். சுவிட்சின் மேல் கையை வைத்தார். வழவழவென்று சில்லென்றிருந்தது. ஒரு திருப்பு. வலது பக்கமாக ஒரு திருப்பு, முள் எழுந்துகொள்ளும், அவ்வளவுதான். அவன் இறங்கியிருந்தால் ஒன்றுமில்லை. இறங்காமல் இருந்தால். இறங்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று அர்த்தனாரிக்குத் தெரியும், முப்பது வருச சர்வீஸில் கரண்ட் அடித்த இரண்டு பேரைக் கம்பத்திலிருந்து இறக்கிப் பார்த்திருக்கிறார், கையில் செருப்புத் தைக்கிற ஊசி போன மாதிரிச் சின்னதாக ஒரு ஓட்டைதான் இருக்கும், உள்ளே எல்லாம் வெந்திருக்கும். எழுதியிருக்கிறது, ஏ.இ. மேடம் சொன்னபடி. விசாரணை வரும், அந்தப் பொண்ணு அழும், இவரிடம் ஒரு வாக்குமூலம் வாங்குவார்கள், மேலதிகாரி உத்தரவுங்க என்பார். யாரும் லைன் வீட்டைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. யாருக்கும் தெரியாது. முப்பத்திரண்டு வருசக் கசப்பு ஒரு திருப்பில் தீரும். தீருமா? செத்தான் என்று கலாமணிக்கு யார் சொல்வது? தீபாவளிக்குப் போன் போடும்போது இவர்தான் சொல்ல வேண்டும். விரல் இறுகியது. கட்டைவிரல் நகம் வெளுத்ததை அவரே பார்த்தார். ஐயோ திருப்பப் போகிறேன் என்று ஒரு பக்கம் பயந்து நடுங்க, இன்னொரு பக்கம் திருப்பு திருப்பு என்று மனசு துள்ளியது, அந்தத் துள்ளல்தான் பயங்கரம், இத்தனை வயசுக்குப் பிறகு உடம்பில் இவ்வளவு தெம்பு எங்கே இருந்தது. அப்போதுதான் ஒன்று உறுத்தியது. அவன் இன்னும் பேர் சொல்லவில்லை. நாற்பத்தேழுக்கு அவன் இன்னும் ராக்கியண்ணன் என்று சொல்லவில்லை, லைன்மேனுங்க என்று சொல்லவில்லை. அதைக் கேட்காமல் எப்படி விடுவது. எவளோ ஒருத்தி போன் போட்டுச் சொன்னால் ஆயிற்றா, அவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா, நான் மெதுவாகப் பேரு என்று கேட்க வேண்டாமா, அவன் காதை மாற்றிக்கொண்டு என்னங்க என்று கேட்க வேண்டாமா. கையை எடுத்தார். தர்மத்துக்காகவோ ரூலுக்காகவோ எடுக்கவில்லை என்பது அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏ.இ.க்குப் போன் போட்டார்.

"மேடம், அவன் வாயால சொல்லாம நான் போட மாட்டேனுங்க."

"அண்ணா, நீங்க வேணும்னே பண்றீங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். அந்தச் சண்டைக்கு நானா கெடச்சேன்?"

"எழுதிக் குடுங்க மேடம், பதில் சொல்லிக்கறேன்."

"கண்டிப்பா மெமோ வரும்ணா. பாத்துக்கங்க."

மெமோவாம். மறுபடி வெயிலில் போனார். கைப்பிடியை இழுத்துப் பூட்டும்போது சாவி இரண்டு தடவை ஓட்டையைத் தவறவிட்டது. உள்ளே வந்து அட்டையை மாட்டினார். 12.07 வரியை அடித்தார், அடித்தது பத்தாது என்று தோன்றியது, மேலே மேலே கோடு போட்டார், தாள் கிழிந்து அடுத்த பக்கம் வரைக்கும் போனது. என்ன வேலை முடிந்துவிட்டது, முடிந்திருந்தால் ஏன் போன் எடுக்கவில்லை. எங்கே தொலைந்தான். விழுந்துவிட்டானா. விழட்டும். விழுந்திருந்தால் ஹெல்பர் சொல்லியிருப்பான். டீக்கடையில் உட்கார்ந்து வேண்டுமென்றே இழுத்தடிக்கிறானோ, இவர் இங்கே வேகட்டும் என்று. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்க நினைக்கக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அவன் கெட்டவனாக இருக்க இருக்க இவருக்கு உட்கார முடிந்தது. பன்னிரண்டே கால். இருபத்தைந்து. காலையில் டிபன் சரியாகச் சாப்பிடவில்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது, பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்து மென்றார், தொண்டையில் மாவாக நின்றது. தண்ணீர் குடித்தார். பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் போன் அடித்தது.

"லைன் கிளியர் ரிட்டர்னுங்க."

"பேரு?"

மெதுவாகக் கேட்க மறந்துபோனார்.

"ராக்கியண்ணன்."

"பதவி?"

"லைன்மேனுங்க. நம்பர் நாப்பத்தேழு."

கேட்டாயிற்று. ருசி வரவில்லை. வாய்க்குள் பிஸ்கட் மாவுதான் இருந்தது.

"எவ்வளவு நேரம்? வேலை எப்பவோ முடிஞ்சுதுன்னு ஏ.இ.கிட்டச் சொல்லியிருக்காங்க."

"இந்தக் கம்பத்துல முடிஞ்சுதுங்க. ஹெல்பரு அதைப் பார்த்துட்டுச் சொல்லிட்டாராட்ட இருக்குது. மேல இருந்து பார்க்கையில அக்கட்டால இருக்கற கம்பத்துலயும் பீங்கான் கப்பு விரிசல் உட்டிருந்துது. எறங்கி, நேரா அதுல ஏறிட்டேன். போனு வண்டிப் பொட்டில கெடந்துது."

"எத்தனை மணிக்கு அதுல ஏறுனது?"

"பன்னண்டு இருக்குங்க. இப்பத்தான் எறங்குனேன்."

பன்னிரண்டு ஏழுக்கு அவன் மேலே இருந்திருக்கிறான். சுவிட்சில் இவர் கை இருந்தபோது அவன் கம்பியில் கை வைத்திருந்திருக்கிறான். அடுத்த கேள்வி வழக்கமானது, முப்பது வருசமாகச் சொல்லிச் சொல்லி அதுவாக வந்துவிடும்.

"எர்த்து எடுத்தாச்சா?"

கம்பத்தில் வேலை செய்கிறவன் கம்பியில் ஒரு ராடை மாட்டி மண்ணில் இறக்கிவிடுவான். யாராவது தப்பித்தவறிக் கரண்டை விட்டாலும் அது ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போய்விடும். அதற்குப் பேர் எர்த்து. லைன்மேனுக்கு அதுதான் கடைசிக் காவல்.

"எர்த்து போடலீங்க."

"என்னது?"

"காலைல இன்னொரு கேங்குக்காரங்க ராடு ரெண்டையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. வர மத்தியானமாகுமுன்னாங்க. கம்பி தொங்கிட்டுக் கெடக்குது, பக்கத்தாலயே பள்ளிக்கூடம். இன்னைக்கு ஸ்டேஷன்ல யாருன்னு கேட்டேன். நீங்கன்னாங்க. அப்பறம் என்னத்துக்கு ராடுன்னு ஏறிட்டேன்."

புகழ்ச்சி எதுவும் அந்தக் குரலில் இல்லை, ஒட்டுதலும் இல்லை. குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். பதினோரு வருசமும் இவன் இப்படித்தான் ஏறியிருக்கிறானா. பேரைச் சொல்லச் சொல்லி இவர் அவனை மட்டம் தட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு தடவையும், இவ்வளவு கறாராகக் கேட்கிற ஆள் தப்பு விடமாட்டான் என்று அவன் கணக்குப் போட்டு ஏறினானா. அப்பாவும் சித்தப்பாக்களும் கூடி வந்து அடித்த குடும்பத்துக்காரன் கையில், தன் காதை உடைத்தவர்களின் வாரிசு கையில், எந்தத் தைரியத்தில் உயிரைக் கொடுத்துவிட்டு ஏறுகிறான். யார் இவனை நம்பச் சொன்னது. அர்த்தனாரிக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அவனை வெறுக்க இத்தனை வருசம் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார், அதைக்கூட ஒழுங்காக வாங்கிக்கொள்ளத் தெரியாத முட்டாள்.

"ராக்கியா" என்றார். லைன் வீட்டுக்குப் பிறகு அந்தப் பேரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டதில்லை. "இனிமே எர்த்து போடாம ஏறாத."

"செரிங்க."

"நான் டூட்டியா இருந்தா கண்டிப்பாப் போடு."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"நான் இருந்தா கம்பத்துக்கு ரெண்டு பக்கமும் போடு" என்றார் அர்த்தனாரி.

போனுக்குள்ளே தூரத்தில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

"இன்னைக்கிக் கரண்டு உடப் பார்த்தீங்களா?" என்று கேட்டான் ராக்கியண்ணன்.

"ஆமா."

"சார்ஜ் பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான். அர்த்தனாரி சாவியை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனார்.